வரி குறையும் திகதியைக் கேளுங்கள்

பத்திராதிபர் அவர்கட்கு,

எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நாட்டின் பொருளாதாரக் கொள்கை, ஏற்றுமதி இறக்குமதி, வெளிநாடுகளோடு செய்யப்போகும் வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிச் சபையில் கேட்ட கேள்விகளை உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். அதற்குப் பிறகு வாசகர்கள் இருவர் அவரைக் கண்டித்து எழுதியிருந்ததையும் வாசித்தேன். தமிழ் உறுப்பினருக்கு டொலரும் இறக்குமதியும் எதற்கு, அதைத் தெற்கில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், இவர் காணி விடுவிப்பையும் இனப்பிரச்சினையையும் பேசினால் போதும் என்பதுதான் இரண்டு கடிதங்களின் சாரமும்.

காணி பற்றிப் பேசத்தான் வேண்டும். வலிகாமம் வடக்கில் என் மனைவியின் சீதனக் காணி இன்னும் இராணுவத்தின் கம்பி வேலிக்கு அப்பால்தான் கிடக்கிறது. அதை மீட்கச் சபையில் யார் குரல் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் நன்றியோடுதான் கேட்போம். ஆனால் விடுபட்ட காணியில் நாளைக்கு என்ன நடுவது, நட்டதை என்ன விலைக்கு விற்பது என்ற கேள்வியும் அதே சபையில்தான் தீர்மானமாகிறது. அந்தக் கேள்வியை எழுப்பியதற்காக ஒரு உறுப்பினரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் இன்னும் கூர்மையாகக் கேட்டிருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் புன்னாலைக்கட்டுவனில் தோட்டம் செய்கிறேன். அதற்கு முன்னர் பல வருடம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முகாமையாளராக இருந்தவன். விற்பவன் பக்கமும் வாங்குபவன் பக்கமும் ஓரளவு தெரியும்.

எங்கள் செம்பாட்டு மண்ணில் உருளைக்கிழங்கு ஆண்டுக்கு ஒரு போகம்தான். மழை கொஞ்சம் ஓய, நவம்பர் பிற்பகுதியிலும் டிசம்பரிலும் நடுவோம். மார்கழி, தை மாதத்துக் குளிர்தான் அதற்கு உயிர். பெப்ரவரி, மார்ச்சில் கிண்டியே ஆகவேண்டும். பிந்தினால் வெயில் ஏறிவிடும், கிழங்கு பழுதாகும். நுவரெலியாவில் ஒரு போகம் பிழைத்தால் அடுத்த போகத்தைப் பார்க்கலாம். எங்களுக்கு அந்த வழியில்லை. குளிரூட்டிய களஞ்சியத்தில் வைத்து நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கும் வசதியும் சிறு தோட்டக்காரரிடம் கிடையாது.

கிண்டும் நாளில் விடியவே பெண்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் மண்வெட்டியால் வரம்பைச் சரித்துக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் குந்தியிருந்து கையால் பொறுக்குவார்கள். வெட்டுப்பட்டது ஒரு பக்கம், பச்சை பிடித்தது ஒரு பக்கம், பொடிக்கிழங்கு ஒரு பக்கம். நல்லதை வேப்பமர நிழலில் சாக்கின்மேல் பரவி ஈரம் உலர விடுவோம். பிறகு வியாபாரியின் லொறி வரும். அவர் ஒரு கையால் கிழங்கை உருட்டிப் பார்ப்பார், மற்றக் கையில் தொலைபேசி இருக்கும். கொழும்பு மொத்தச் சந்தையான புறக்கோட்டையில் பாகிஸ்தான் கிழங்கு நேற்று என்ன விலைக்குப் போனது என்று அங்கிருந்து ஒருவர் சொல்வார். அதைக் கொண்டுதான் புன்னாலைக்கட்டுவனில் விலை முடிவாகும்.

ஒருமுறை காலையில் முதல் மூட்டைகளை ஏற்றும்போது ஒரு விலை பேசினோம். மிச்சத்தைக் கட்டி முடிப்பதற்குள் கிலோவுக்கு 30 ரூபா குறைத்துக் கேட்டார். “அண்ணை, இறக்குமதி வரியைக் குறைக்கப் போகினமாம் எண்டு கொழும்பில கதை. நான் கூட்டி எடுத்தால் நாளைக்கு என்ர தலையில விழும்” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவரும் கடன்பட்டு லொறி ஓடுபவர்தான். அந்தமுறை வரி குறையவேயில்லை, வெறும் கதைதான். ஆனால் போன 30 ரூபா திரும்பவில்லை. அந்தப் போகத்தில் எனக்கு மிஞ்சவேண்டிய இலாபம் அந்த 30 ரூபாவுக்குள்தான் இருந்தது.

இப்படி ஒரு வாய்க்கதைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? வரி எப்போது மாறும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதால் வருகிறது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் போன்ற பொருட்களை இறக்கும்போது சுங்கவரி, வற் எனப்படும் பெறுமதி சேர் வரி என்று தனித்தனியாக வாங்காமல், கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே அறவீடாக வாங்குவதற்கு வந்த சட்டம் அது. நிதி அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை போட்டால் வரி மாறிவிடும். அந்தக் கட்டளை அங்கீகாரத்துக்காகப் பாராளுமன்றத்துக்கு வரும்போது கப்பலும் வந்துவிடும், சரக்கும் விற்றுவிடும். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் ஒரு வரியைப் பற்றி உறுப்பினர்கள் எல்லாம் முடிந்த பிறகு கைதூக்குவது போதாது. இந்த அறவீட்டை நாளைக்கு எடுத்துவிட்டு வேறு பெயரில் வரி வைத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். பெயர் எதுவாக இருந்தாலும், அது மாறும் திகதி எங்களுக்கு நடுகைக்கு முன்னர் தெரியவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. வரியைக் கூட்டப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால், பெரிய இறக்குமதியாளர்கள் அதற்குள் கப்பல் கப்பலாக இறக்கிப் பதுக்கிவிடுவார்கள். அதனால்தான் இரவோடிரவாகச் செய்கிறோம் என்று திறைசேரி சொல்லும். சரி, கூட்டுவதை இரவோடிரவாகச் செய்யட்டும். குறைப்பதை ஏன் அப்படிச் செய்யவேண்டும்? மே மாதம் முதலாம் திகதி வரி குறையும் என்று முன்னரே அறிவித்தால் இறக்குமதியாளர் அதுவரை பொறுத்திருப்பார். அவர் பொறுத்திருக்கும் அந்த மாதங்களில் எங்கள் கிழங்கு சந்தைக்குப் போய்விடும். பதுக்கலுக்கு அதில் இடமேயில்லை. ஆகவே உறுப்பினர் கேட்கவேண்டிய கேள்வியை இப்படி வைக்கிறேன்: பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் முடியும்வரை உருளைக்கிழங்கு வரியை ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறக்கமாட்டோம் என்று ஒவ்வொரு வருடமும் ஒக்டோபருக்கு முன்னர் அரசாங்கம் அறிவிக்குமா? இன்றேல், ஏன்? சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் வழக்கமாக வரும் அந்த “இன்றேல், ஏன்?” என்பதற்குத்தான் எனக்கு மறுமொழி வேண்டும்.

ஒக்டோபர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதைக்கிழங்குக்குப் பதிவதும், நகையை வங்கியில் வைப்பதும், காணியை உழுவதும் அந்த நாட்களில்தான். விதைக்கிழங்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறது. யூரியா கப்பலில் வருகிறது. பூச்சிநாசினியும் நீர்ப்பம்பிக்கு அடிக்கும் எண்ணெயும் அப்படித்தான். எங்கள் செலவு முழுவதும் டொலரோடு கட்டுண்டு கிடக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது அது மத்திய வங்கியின் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கடையில் ஒரு உர மூட்டையின் விலையாக வந்து நின்றது. அதற்கு முந்திய வருடம் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். திறந்தபோது எங்கள் நடுகைக் காலம். உரம் கைக்கு வந்து சேரவில்லை, வந்ததும் எட்டாத விலை. கிழங்குச் செடியின் இலை மஞ்சளித்துப்போய் நின்றதை இங்கே பல தோட்டங்களில் கண்டோம். அப்போது சபையில் யாராவது, உரத்தை நிறுத்தினால் எந்தப் பயிர், எந்த மாதத்தில், எவ்வளவு குறையும் என்று விவசாயத் திணைக்களத்தின் மதிப்பீட்டைச் சபாபீடத்தில் வைக்கும்படி விடாமல் கேட்டிருக்கவேண்டும்.

தேசியக் கொள்கை எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதும் அன்பர்கள் தங்கள் வீட்டில் வயதான யாரிடமாவது 1970களைப் பற்றிக் கேட்டுப் பார்க்கவேண்டும். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காயம் போன்ற உப உணவுப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் எழுந்த கல்வீடுகள் எத்தனையோ, மிளகாயும் வெங்காயமும் கட்டியவை. படித்த இளைஞர்கள் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். அப்புறம் 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டது. என் தகப்பனாரின் கணக்குக் கொப்பியில் அந்தக் காலத்துப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஊதா மையில் அந்தர் என்ற பழைய நிறைக் கணக்கில் மிளகாய், எதிரே விலை. 1977க்குப் பிறகு வரும் பக்கங்களில் மிளகாய் என்ற பதிவு குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் அறவே இல்லை. அவர் பயிரை விட்டதற்கு மண்ணோ மழையோ காரணமில்லை. கொழும்பில் மாறிய ஒரு கொள்கைதான் காரணம். அது மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற கதையும், துணி கூப்பனுக்கு வந்த கதையும் அதே காலத்தைச் சேர்ந்தவைதான். இறக்குமதியை முழுதாக அடைத்தால் தோட்டக்காரன் பிழைப்பான், சம்பளக்காரன் தவிப்பான். என் மகள் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறாள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். மாதக் கடைசியில் அவள் கணக்குச் சொல்லும்போது, வெங்காயம் கிலோவுக்கு 50 ரூபா கூடினாலும் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் கிழங்கு பொறுக்கும் பெண்களும் வருடத்தில் மற்ற மாதங்களில் கடையில் வாங்கித்தான் சமைக்கிறார்கள். அதனால்தான் எவ்வளவு வரி என்பதை விட, எப்போது என்பதை நான் பெரிதாக எடுக்கிறேன். அறுவடை மாதங்களில் எங்களுக்குப் பாதுகாப்பு, மற்ற மாதங்களில் அவர்களுக்கு மலிவு. இரண்டையும் ஒரே நாட்காட்டிக்குள் வைக்கலாம்.

இதில் யாழ்ப்பாணம் தனியாகவும் இல்லை. வெலிமடையிலும் நுவரெலியாவிலும் கிழங்கு நடுபவர்களுக்கும், மாத்தளைப் பக்கம் பெரிய வெங்காயம் நடுபவர்களுக்கும் இதே பிரச்சினை அவரவர் மாதத்தில் வருகிறது. பெரிய வெங்காயம் மலிந்தால் சனம் எங்கள் சின்ன வெங்காயத்தைத் தொடாது. ஆகவே மாத்தளையின் அறுவடையும் எங்களுக்கு வெளி விடயமில்லை. நம் உறுப்பினர் பதுளை, நுவரெலியா, மாத்தளை உறுப்பினர்களோடு பேசி, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மாவட்டவாரியான அறுவடை மாதங்களைக் கேட்டு, அந்த மாதங்களுக்கு வரி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்று ஒன்றாகக் கேள்வி கொடுக்கவேண்டும் என்று வேண்டுகிறேன். யாழ்ப்பாண உறுப்பினர் மட்டும் கேட்டால் வடக்கின் குறை என்று ஒதுக்கிவிடலாம். நாலு மாவட்டம் சேர்ந்து கேட்டால் அமைச்சர் எழுந்து நின்றுதான் ஆகவேண்டும். விவசாய அமைச்சைக் கேட்டால் வரி நிதி அமைச்சின் விடயம் என்றும், நிதி அமைச்சைக் கேட்டால் விளைச்சல் விவசாய அமைச்சின் விடயம் என்றும் மறுமொழி வராமல் இருக்க, கேள்வியை வர்த்தக அமைச்சையும் சேர்த்து மூவருக்கும் கொடுக்கவேண்டும்.

இந்தியாவைப் பாருங்கள். 2023 டிசம்பர் 8ஆம் திகதி வெங்காய ஏற்றுமதியை நிறுத்தினார்கள், 2024 மே மாதம் 4ஆம் திகதி திறந்தார்கள். இடையில் அரசுக்கு அரசு என்ற முறையில் இலங்கைக்கு 10,000 தொன் அனுமதித்தார்கள். தங்கள் நகரங்களில் விலை ஏறக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. மகாராஷ்டிராவின் நாசிக்கில் வெங்காயம் நட்டவர்கள் அந்தத் தடைக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். அவர்கள் விளைச்சல் கையில் இருக்க வாசல் மூடப்பட்டது. எங்களுக்கு விளைச்சல் கையில் இருக்க வாசல் திறக்கப்படுகிறது. இந்தச் செய்திகளை வாசித்தபோது முகமறியாத அந்த நாசிக் தோட்டக்காரர்மீது எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டானது.

இந்தியாவோடு 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் இலங்கை தன் விவசாயப் பொருட்கள் பெரும்பாலானவற்றை விலக்குப் பட்டியலில் வைத்துக் காத்துக்கொண்டது. அதை விரிவாக்கும் எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைப் பேச்சு பல வருடமாக நின்றும் தொடர்ந்தும் வருகிறது. அந்தப் பேச்சு மேசையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகாயும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதைக் கைச்சாத்துக்கு முன்னர் சபைக்குச் சொல்வீர்களா என்று கேட்கவேண்டும். உடன்படிக்கை வேண்டாம் என்று சொல்பவன் நானல்ல. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் கிட்ட இருக்கிறது. 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தைத் திருத்த இந்தியா 61.5 மில்லியன் டொலர் தருவதாக 2024இல் செய்தி வந்தது. மிக நல்ல விடயம். ஆனால் அந்தத் துறைமுகத்தில் தாவர நோய்ப் பரிசோதனைக்கு அலுவலர்களும் ஆய்வுகூடமும் இருக்குமா, எங்கள் மாம்பழமும் பனம் பொருளும் அங்கிருந்தே சான்றிதழோடு ஏறுமா, அல்லது எல்லாம் கொழும்புக்குப் போய்த்தான் திரும்பவேண்டுமா? பொருள் இறங்க மட்டும் ஒரு வாசல் திறந்தால் எங்கள் நிலைமை இன்னும் மோசமாகும்.

இலங்கைப் பொருட்கள்மீது அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி பற்றியும் உறுப்பினர் கேட்டிருந்தார். 2025 ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்து ஓகஸ்டில் 20 வீதத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் வேலை அதில் தங்கியிருக்கிறது. அதைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் எழுதட்டும்.

தமிழ் உறுப்பினர்கள் நாட்டின் பொருளாதாரத்தைத் தொட்டது இன்று நேற்றல்ல. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் கைத்தொழில் அமைச்சராக வந்தபோது எடுத்த முயற்சியின் பயன்தான் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை எல்லாம். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு. ஆனால் சீமெந்து ஆலைச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். 1990இல் ஆலை நின்ற பிறகு அந்தக் குடும்பங்கள் பட்ட பாடும் தெரியும்.

உறுப்பினருக்கு இன்னொரு வேண்டுகோள். கேள்வி கொடுத்த நாளில் பத்திரிகையில் படம் வரும். அமைச்சர் மறுமொழிக்கு இரண்டு வாரமோ ஒரு மாதமோ அவகாசம் கேட்பார். மறுமொழி வரும் நாளில் உறுப்பினர் சபையில் இருந்து மேலதிகக் கேள்வியைத் தொடுக்கவேண்டும். அவர் இல்லாவிட்டால் மறுமொழி சபாபீடத்தில் வைக்கப்பட்டு ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டுக்குள் போய்விடும். ஹன்சாட்டைத் தேடி வாசிக்கும் தோட்டக்காரர் எத்தனை பேர்? மறுமொழியைத் தமிழில் ஒரு பக்கமாக அடித்து எங்கள் கமக்காரர் அமைப்புகளுக்கு அனுப்பினால், அதில் எது சரி, எது தோட்டத்து நிலைமைக்குப் பொருந்தாது என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். நூற்றுக்குப் பத்துக் கழிவு பற்றி வருடக்கணக்காகக் கூட்டம் கூட்டமாகப் பேசியும் அது முற்றாக ஒழியாததற்குக் காரணம், ஒரு தரம் கேட்டுவிட்டுப் பின்தொடராமல் விடுவதுதான். (சந்தையில் 100 கிலோ கொடுத்தால் 90 கிலோவுக்குத்தான் காசு என்ற அந்தக் கழிவைப் பற்றித் தனிக் கடிதமே எழுதவேண்டும்.)

பத்திராதிபர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தை விலைகளை நீங்கள் போடும்போது, அன்றைய நிலையில் இறக்குமதி உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் கிலோவுக்கு என்ன வரி என்பதையும், அது கடைசியாக மாறிய திகதியையும் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். கதையைக் காட்டி விலையைக் குறைக்கும்போது பத்திரிகையை எடுத்துக் காட்ட எங்களிடம் ஏதாவது இருக்கும்.

கேள்வி கேட்ட உறுப்பினர் விதைக்கிழங்குப் பதிவு தொடங்குவதற்கு முன்னர் ஒருநாள் பின்னேரம் எங்கள் பக்கம் வந்தால் நல்லது. நடுகைச் செலவு, விற்ற விலை எல்லாம் எழுதி வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். கொப்பிகளோடு வருவார்கள். அடுத்த கேள்வியை அந்தக் கொப்பிகளைப் பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
கமக்காரன்,
புன்னாலைக்கட்டுவன்.